பசைக் காலமும் திருகுக் காலமும்

1950களில் அமெரிக்காவில் ஸ்டன்ட் மாதிரி விமானம் கட்டியவர்கள் வலது இறக்கையின் நுனிக்குள் ஒரு துண்டு ஈயத்தை வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். அதன் மேல் பால்சாக் கட்டை, அதற்கும் மேல் பட்டுத்துணி, பிறகு அடுக்கடுக்காக டோப் என்ற அரக்குப் பூச்சு. உள்ளே இருக்கும் ஈயம் கூடுதலா குறைவா என்பது பறக்கவிடும்போதுதான் தெரியும். தெரிந்து என்ன பயன்? மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த இறக்கையைக் கத்தியால் கீற யாருக்கு மனம் வரும்? இன்றைய போட்டி விமானத்தில் அதே இடத்தில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதன் மூடியைப் பிடிப்பது ஒரே ஒரு திருகு. இரண்டு கிராம் ஈயத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா, ஒரு நிமிட வேலை.

ஸ்டன்ட் விமானத்தை டிரிம் செய்வது, அதாவது அது நேராக, நிதானமாக, சொன்ன பேச்சு கேட்டுப் பறக்கும்படி சரிசெய்வது, இந்த எழுபது வருடங்களில் எப்படி மாறியது என்று கேட்டால், அந்த ஒரு திருகைக் காட்டினாலே பாதிப் பதில் சொன்ன மாதிரி.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோல் லைன் விமானத்தில் ரேடியோ கிடையாது. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் ஏறக்குறைய 20 மீட்டர் ஓடி விமானத்தின் இடது இறக்கை வழியாக உள்ளே போகும். விமானம் அவரைச் சுற்றி இடஞ்சுழியாகப் பறக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். நம் ஊரில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. வாயு சைனிக் முகாம் போட்டிகளில் அந்தக் கம்பியைப் பிடித்துத் தலை சுற்றியவர்கள் பலர் உண்டு. ஸ்டன்ட் பிரிவில் சும்மா சுற்றினால் போதாது. வட்டம், சதுரம், முக்கோணம், எட்டு, மணற்கடிகை, நான்கு இதழ் என்று வரிசையாக வானத்தில் வரைந்து காட்ட வேண்டும். பெரும்பாலான உருவங்களின் அடிக்கோடு தரையிலிருந்து 1.5 மீட்டரில் இருக்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

இந்தக் கலையை நாடெங்கும் பரப்பியவர் ஆரெகன் மாநிலம் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர். 1940களின் தொடக்கத்தில் அவருடைய ‘ஃபயர்பால்’ விமானமும் ‘யூ-கன்ட்ரோல்’ என்ற பெயரும் பிரபலமாயின. 1942இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் 1950களில் நடந்த வழக்கில், அதே மாநிலத்தின் ஒபா செயின்ட் கிளேர் அவருக்கு முன்பே இப்படிப் பறக்கவிட்டார் என்று தெரியவந்து காப்புரிமை நிற்காமல் போனது. யார் முதல் என்ற சண்டை எந்தக் கலையில்தான் இல்லை!

ஆரம்பகால விமானங்கள் கட்டையாக, மெல்லிய இறக்கையோடு இருந்தன. மூலை திரும்பச் சொன்னால் வேகத்தை இழந்து தொப்பென்று தொய்ந்தன. 1940களின் இறுதியில் கலிபோர்னியாவின் பாப் பால்மர் போன்றோர் ஃபிளாப்பை எலிவேட்டரோடு இணைத்தார்கள்: வாலில் எலிவேட்டர் மேலே போனால் இறக்கையில் ஃபிளாப் கீழே போகும். திரும்பும்போது இறக்கைக்கு அதிகத் தூக்குவிசை கிடைத்தது. 1952இல் டெக்சாஸ்காரர் ஜார்ஜ் ஆல்ட்ரிச்சின் ‘நோப்ளர்’ வரைபடம் மாடல் ஏர்பிளேன் நியூஸ் இதழில் வெளிவந்தது. 50 அங்குல இறக்கை, தடித்து உருண்ட முன்விளிம்பு, இணைந்த ஃபிளாப். பின்னர் டாப் ஃபிளைட் நிறுவனம் அதைப் பெட்டியில் போட்டு விற்றது. ஸ்டன்ட் விமானம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இன்றும் நம் கண்ணில் படும் வடிவம் அந்த விமானம் போட்ட கோலம்தான்.

அந்த நோப்ளரின் மூக்கில் பெரும்பாலும் ஒரு ஃபாக்ஸ் 35 இருக்கும். அன்றைய டிரிம் கதையில் பாதி இந்த எஞ்சினின் கதை.

ஃபாக்ஸ் 35 நேராகப் பறக்கும்போது கலவை சற்றுச் செறிவாக, ஃபோர் ஸ்ட்ரோக் ஒலியில் சோம்பலாக ஓட வேண்டும். மூக்கு மேலே எழும்பும்போது சுமை கூடி, கலவை மெலிந்து, டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவி உறும வேண்டும். உருவம் முடிந்து சமநிலைக்கு வந்ததும் பழையபடி சோம்பலுக்குத் திரும்ப வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த கையில் எதுவுமே இல்லாத காலத்தில் எஞ்சினே தன் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்ட அழகு அது. ஆனால் அந்தத் தாவல் எங்கே நடக்கும் என்பது எரிபொருளை அளந்துவிடும் நீடில் வால்வின் கால் திருப்பில் இருந்தது. அன்றைய வெயிலில், ஈரப்பதத்தில், எரிபொருளில் நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கலந்த விளக்கெண்ணெயில், புரொப்பெல்லரின் தேய்மானத்தில் இருந்தது. காலையில் சரியாக வைத்த நீடில் மதியம் தப்பாகிவிடும். கச்சேரிக்கு நடுவே மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி பார்க்கும் வித்வான் மாதிரி, அன்றைய பைலட் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நீடிலைத் தொட்டார்.

எண்ணெய்த் தொட்டி இன்னொரு தலைவலி. விமானம் பாதி நேரம் தலைகீழாகப் பறக்கிறது. தொட்டியின் உயரம் நீடிலோடு ஒத்துப்போகாவிட்டால் நேராகப் பறக்கையில் ஒரு வேகம், தலைகீழில் இன்னொரு வேகம். ஆகவே ஸ்டாப்வாட்சைப் பிடித்து இரு நிலையிலும் சுற்று நேரம் எடுப்பார்கள். நேராக வேகமாகப் பறந்தால் தொட்டியின் அடியில் ஒரு மெல்லிய மரச்சீவலை வைத்து உயர்த்த வேண்டும். தலைகீழில் வேகமாக இருந்தால் தாழ்த்த வேண்டும். இதையும் தாண்டி ஒரு சிக்கல்: தொட்டி நிறைந்திருக்கும்போது மூக்குப் பக்கம் கனம். பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து, எடைமையம் பின்னால் நகரும். முதல் உருவத்தில் மந்தமாக இருந்த விமானம் கடைசி நான்கு இதழில் துள்ளும். ஒரே பறப்புக்குள் ஒரு விமானம் இரண்டு விமானமாக நடந்துகொண்டது. எந்த நிலைக்கு டிரிம் செய்வது? நடுவில் எங்கேயோ ஒரு சமரசம்தான்.

எஞ்சினைக் கவனிக்கவே நேரம் சரியாகப் போனதால், விமானத்தின் உடம்பிலிருந்த குறைகளைப் பலர் எஞ்சின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது என் எண்ணம். மேலே தலைக்கு நேராகக் கம்பி தளர்ந்தால் ‘எஞ்சின் சரியில்லை’. மூலையில் இறக்கை ஆடினால் ‘காற்று’. மெய்யான காரணம் பசைக்குள் இருந்தது. கம்பி வெளியேறும் துளை எங்கே இருக்க வேண்டுமோ அதற்கு அரை அங்குலம் முன்னால் இருந்திருக்கும், நுனியில் ஈயம் கூடியிருக்கும், ஃபிளாப் ஒரு மயிரிழை முறுக்கியிருக்கும். திருகித் திருத்தக்கூடிய இடங்கள் என்று அன்று சொல்லிக்கொள்ள நீடில் வால்வையும் கைப்பிடியையும் விட்டால் அதிகமில்லை. மற்றதெல்லாம் அடுத்த விமானத்தில்தான் திருத்தப்பட்டன. அன்று டிரிம் என்பது குளிர்காலத்தில் வரைபலகையில் நடந்த வேலை. போன கோடையின் குறைகளை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருட விமானத்தில் துளையைப் பின்னால் தள்ளுவார்கள். ஒரு நல்ல விமானம் ஐந்தாறு விமானங்களின் பேரப்பிள்ளை.

இந்த நிலை ஒரே நாளில் மாறவில்லை. 1973இல் ஸ்டன்ட் பைலட்டுகள் தங்களுக்கென்று பாம்பா என்ற சங்கத்தைத் தொடங்கி, ஸ்டன்ட் நியூஸ் என்ற இதழையும் நடத்தினார்கள். அவரவர் பட்டறையில் ரகசியமாக இருந்தது பொதுவில் பேசப்பட்டது. அதே பத்தாண்டில் இரண்டாம் உலகப் போர் விமானங்களின் சாயலில் அழகழகாகக் கட்டிய அல் ரேப் ஒரு விசித்திரமான வேலை செய்தார். புரொப்பெல்லர் பம்பரமாகச் சுழல்வதால், விமானம் சட்டென்று மேலே திரும்பும்போது அதன் மூக்கு வெளிப்பக்கமும், கீழே திரும்பும்போது உள்பக்கமும் ஒதுங்கும். மூக்கு உள்ளே வந்தால் கம்பி தளரும். கம்பி தளர்ந்தால் கட்டுப்பாடே போச்சு. ரேப், வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டரை எலிவேட்டரோடு இணைத்து, அந்த ஒதுங்கலுக்கு எதிராக அது அசையும்படி செய்தார். இன்றும் அதற்கு ரேப் ரட்டர் என்றே பெயர். அந்த இணைப்பு எவ்வளவு அசைய வேண்டும் என்று பறக்கவிட்டுப் பறக்கவிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். எனவே அதைத் திருகில் வைத்தாக வேண்டியிருந்தது. கம்பித் துளையும் அசையும் சறுக்கில் ஏறியது. நுனி ஈயத்துக்கு மூடி வந்தது. விமானம் டோப் காய்ந்த பிறகும் முழுதாக முடிந்துவிடாத பொருளாக மாறியது.

எஞ்சினிலும் மாற்றம். 1980களில் டியூன்டு பைப் வந்தது. புகைக்குழாயின் நீளமே எஞ்சினின் சுழற்சியை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் பிடித்துவைத்தது. காற்று வீசும்போது வட்டம் போட்டால் ஒவ்வொரு வட்டத்துக்கும் விமானம் வேகம் கூடிக்கொண்டே போகும் தொல்லை பெருமளவு அடங்கியது. 1992 உலகப் போட்டியில் பைப் வைத்த ‘இம்பாக்ட்’ விமானத்தோடு அமெரிக்காவின் பால் வாக்கர் வென்றார். நீடிலோடு பைப் நீளமும் சேர்ந்ததால் வேலை குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின் நேற்றுப் போலவே இன்றும் ஓடும் என்று நம்ப முடிந்தது.

பிறகு மின்மோட்டார். 2000களில் லித்தியம் பாலிமர் பேட்டரி இலேசானதும் ஸ்டன்ட் மைதானத்தில் விளக்கெண்ணெய் வாசம் குறையத் தொடங்கியது. மின்மோட்டாரில் வேகம் ஓர் எண். நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி என்று கணினியில் தட்டிக் கொடுத்தால் வெயிலோ குளிரோ அந்த வேகத்தை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடித்துக்கொள்ளும். ஸ்லோவாக்கியாவின் இகோர் பர்கர் போன்றோர் இன்னும் ஒரு படி போய், விமானத்துக்குள் ஒரு முடுக்க உணரியை வைத்து, மூக்கு எழும்பும்போது மோட்டாருக்குத் தானாகச் சக்தியைக் கூட்டவும் இறங்கும்போது குறைக்கவும் வழி செய்தார்கள். பார்த்தால் வேறெதுவுமில்லை, ஃபாக்ஸ் 35 தன் போக்கில் செய்த அதே வேலை. விளக்கெண்ணெயும் நீடிலும் சேர்ந்து செய்ததை இப்போது சில வரி நிரல் செய்கிறது.

டிரிம் செய்பவருக்கு இதில் பெரிய வரம், எடைமையம் நகராதது. பேட்டரி காலியானாலும் எடை குறையாது. முதல் வட்டத்தில் இருந்த விமானம்தான் கடைசி இதழிலும். தொட்டிக்கு மரச்சீவல் வேண்டாம். பேட்டரியை நாலு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி எடைமையத்தைச் சரிசெய்யலாம். புரொப்பெல்லரையே எதிர்த்திசையில் சுழலவிடலாம். அப்போது மூக்கு ஒதுங்கும் திசையும் மாறிவிடும். எஞ்சின் காலத்தில் இதெல்லாம் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

ஆனால் வரத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. எஞ்சின் மேல் பழி போட வழியில்லாமல் போனது. வேகம் மாறவில்லை, எடை மாறவில்லை, ஆனாலும் விமானம் கோணலாகப் பறந்தால் கோணல் விமானத்தில்தான். எஞ்சினின் அதிர்வு ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்த உராய்வுகூட, மோட்டாரின் அமைதியில் கைப்பிடியில் உறுத்தியது. இன்றைய டிரிம் கலை இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு மின்மோட்டாரே பெரிய காரணம் என்பேன்.

சரி, இன்று ஒரு தேர்ந்த பைலட் புது விமானத்தை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறார்? முதலில் கீல்களின் இடைவெளியை ஒளிபுகும் டேப்பால் அடைப்பார். இது சில்லறை வேலையாகத் தெரியும். ஆனால் இடைவெளி வழியே காற்று கசிந்தால் ஃபிளாப்பும் எலிவேட்டரும் செய்யும் வேலை குறையும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாகக் கசியாது. பிறகு சுற்று நேரம்: ஐந்தேகால் நொடியோ ஐந்தரையோ, விமானத்துக்குப் பிடித்த ஒன்று. இந்த வேகத்தில் 1.8 கிலோ விமானம் 20 மீட்டர் கம்பியை ஏறக்குறைய 5 கிலோ விசையோடு இழுக்கும். தலைக்கு மேலே போகும்போது புவியீர்ப்பு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதமிருக்கும் இழுவைதான் பைலட்டின் முதலீடு.

அடுத்தது இறக்கை மட்டம். கண் மட்டத்தில் விமானம் பறக்கும்போது நடுவிலிருந்து பார்த்தால் இறக்கை ஒரு கோடாகத் தெரிய வேண்டும். வெளி இறக்கை தாழ்ந்தால்? அவசரப்பட்டு ஈயத்தை எடுத்துவிடக் கூடாது. தலைகீழாகவும் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் வெளி இறக்கையே தாழ்ந்தால் நுனியில் ஈயம் கூடுதல். நேராகப் பறக்கையில் தாழ்ந்து, தலைகீழில் உயர்ந்தால் குற்றம் ஈயத்தின் மேல் இல்லை. இறக்கையிலோ ஃபிளாப்பிலோ முறுக்கு இருக்கிறது. ஒரு பக்க ஃபிளாப்பை லேசாக வளைத்தாலே போதும். இவ்வளவு எளிய சோதனையை அன்றும் செய்தவர்கள் உண்டு. ஆனால் விடை தெரிந்தும் ஈயம் பசைக்குள் கிடந்தது என்பதுதான் அன்றைய சோகம்.

மட்டம் சரியான பிறகுதான் மூலைகள். விதிப்புத்தகம் கேட்கும் மூலையின் ஆரம் சுமார் 1.5 மீட்டர். மேலே சொன்ன வேகத்தில் அப்படித் திரும்பினால் விமானம் தன் எடையைப் போல் ஏறத்தாழ 39 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். எந்த ஸ்டன்ட் விமானமும் அதற்குக் கட்டுப்படுவதில்லை, நடுவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் முடிந்த அளவு கூர்மையாகத் திரும்பும்போது வெளி இறக்கை சட்டென்று ஒரு பக்கம் மடிந்து நிமிரும். ‘ஹிஞ்ச் ஆகிறது’ என்பார்கள். ஈயம் கூடுதல் என்று அது தரும் வாக்குமூலம். மட்டப் பறப்பில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கிராம் மூலையில் பல மடங்காகிக் கத்தும். இங்கேதான் திருகுக்கு மரியாதை. மூடியைத் திற, கொஞ்சம் ஈயத்தை எடு, மூடு, மறுபடி பறக்கவிடு.

கம்பி வெளியேறும் இடம் கடைசியில் வரும் வேலை, மிகவும் பொறுமை கேட்பதும் அதுதான். காற்றில் இழுபடும் கம்பி நேர்கோடாக இராது, பின்னோக்கி வளைந்திருக்கும். ஆகவே துளை எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மிகவும் பின்னால் போனால் மூக்கு வெளியே பார்த்து விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு பறக்கும். மிகவும் முன்னால் வந்தால் மூக்கு உள்ளே திரும்பித் தலைக்கு மேலே கம்பி தொளதொளவென்று ஆகும். கம்பி வளைவைக் கணக்கிட இன்று கணினி நிரல் உண்டு; ஆரம்ப இடத்தை அது சொல்லும். முடிவான இடத்தைக் கைதான் சொல்ல வேண்டும்.

இந்த எல்லாத் திருகுகளையும் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் உக்ரைனின் யாட்சென்கோ சகோதரர்கள். அச்சில் வார்த்த ‘ஷார்க்’ விமானங்கள். இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிப் பயணிகள் விமானத்தில் எடுத்துப் போகலாம். தானே கட்டிய விமானத்தைத்தான் பறக்கவிட வேண்டும் என்று வளர்ந்த பழைய அமெரிக்கர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தது உண்டு. எனக்கும் அந்தச் சுளிப்பில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. விலைக்கு வாங்கியவருக்குத் திருகு எங்கே என்று தெரியும்; அது ஏன் அங்கே இருக்கிறது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும்.

திருகுகள் வந்ததில் இன்னொரு நஷ்டம், சும்மா இருக்க முடியாத கை. ஒரே சமயத்தில் ஈயத்தையும் துளையையும் பேட்டரியையும் நகர்த்திவிட்டு, விமானம் கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று தெரியாமல் விழிப்பவர்கள் இன்று அதிகம். பசைக் காலத்துக்காரர்களுக்கு இந்த வியாதி வர வாய்ப்பே இல்லை. அவர்கள் வருடத்துக்கு ஒரு மாற்றம் செய்தார்கள், அதை மறக்கவுமில்லை. அரிசோனாவின் டூசன் நகரில் பழைய வடிவங்களுக்கென்றே ஒரு போட்டி நடந்து வந்திருக்கிறது; 1953க்கு முந்தைய வடிவங்களுக்கு அதில் தனிப் பிரிவு. அந்தக் காலத்து வடிவத்தை எடுத்துக்கொண்டு, இறக்கை நுனியில் மட்டும் சத்தமில்லாமல் ஒரு மூடி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு காலத்தின் நல்லதையும் எடுத்துக்கொண்ட புத்திசாலிகள் என்று அவர்களைத்தான் சொல்வேன்.

இரண்டு காலத்தையும் கண்டவர் பில் வெர்வேஜ். 1970லும் 1972லும் உலகச் சாம்பியன். பிறகு 2004இல், இண்டியானாவின் மன்சி நகரில், மறுபடியும் உலகச் சாம்பியன். நடுவில் எஞ்சின் மாறியது, பைப் வந்தது, திருகுகள் வந்தன. அவருடைய கண்ணும் கையும் அதேதான்.

என்.சி.சி. பயிற்சியாளர்களுக்கும் கேடட்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டும் சாதாரண கன்ட்ரோல் லைன் விமானத்திலும் வலது இறக்கை நுனியில் ஒரு சின்ன எடை அறையும், இடது நுனியில் நகர்த்தக்கூடிய கம்பி வழியும் வையுங்கள். கொஞ்சம் ஒட்டுப்பலகையும் மூன்று திருகுகளும் போதும். ஒவ்வொரு பறப்புக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அடுத்த வருடக் கேடட்களிடம் விமானத்தோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.